கிரேன் கலாசி மகளுக்கு எழுதியது

சுகிர்தம்,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். இரண்டு வருஷமாக உனக்கு வந்த கடிதங்களெல்லாம் அவள் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ரோசி எழுதியவை. கடைசியில் 'நைனா சுகமாக இருக்கிறார்' என்று ஒரு வரி இருக்குமே, அதைக்கூட என்னைக் கேட்டு எழுதியதில்லை. போன புதன்கிழமை உன் கடிதம் வந்தபோது ரோசி எண்ணூருக்குப் போயிருந்தாள். அம்மாவால் காத்திருக்க முடியவில்லை. வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் கவரை நீட்டினாள். "இன்னா எழுதிகீறான்னு படிச்சிச் சொல்லுய்யா. எழுத்தே கோணலா கீது, மனசு சரியில்லாம எழுதிகீறா" என்றாள். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவளுக்கு அது மட்டும் தெரிந்துவிட்டது.

படித்தேன். நீ நர்ஸ் படிக்கிற ஆஸ்பத்திரி வார்டில் பெரிய சிஸ்டர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ராயபுரம்' என்றுதான் கூப்பிடுகிறாள். நீ 'இன்னா' என்றால் கூடப் படிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். 'கீது' என்றால் ஒருத்தி எழுந்து அதையே கோமாளி மாதிரி ஆடிக் காட்டுகிறாள். அதனால் நீ பேசுவதையே நிறுத்திவிட்டாய். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் பரீட்சையில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றாய். இரண்டாம் வருஷத்திலும் உனக்குக் கொடுக்கும் வேலை மலத்தட்டு கழுவுவதும் படுக்கைத் துணி அலசுவதும்தான். மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், யாரையாவது பார்த்துக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, 'நைனா அன்னைக்குச் சொன்னது சரிதான்னு அவர்கிட்ட சொல்லிடும்மா' என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் நான் உரக்கப் படிக்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அந்த வரிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் கிரேன் கதையை ஒருமுறை சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த கதை என்று நினைப்பாய். நீ கேட்டது, உனக்கு முன்னால் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று நான் வெட்டி ஒட்டிச் சொன்ன கதை. நடந்தது முழுவதையும் உன்னிடம் சொன்னதில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம். உனக்கு ஆறு வயது. ஜப்பான்காரன் கப்பல் வருகிறது, குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. ரயிலில் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டார்கள். உன்னையும் அம்மாவையும் பொன்னேரியில் உன் மாமா வீட்டுக்கு மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மட்டும் துறைமுகத்தில் தங்கினேன். கர்த்தர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தைரியமாக இருந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஓடிப்போனால் வேலை திரும்பக் கிடைக்காது என்று பயந்துதான் தங்கினேன். குண்டுக்குப் பயந்தவர்கள் ஓடினார்கள், பட்டினிக்குப் பயந்தவர்கள் தங்கினோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது நான் கிரேன் கலாசி. விடிவதற்கு முன்னால் போய்க் கொதிகலனில் நெருப்பு மூட்ட வேண்டும், கரி அள்ளிப் போட வேண்டும், சக்கரங்களுக்கும் பற்களுக்கும் எண்ணெய் ஊற்ற வேண்டும். நீராவி ஏறியதும் கிரேனை ஓட்டுகிற துரை வந்து உட்காருவார். அவர் வில்சன் என்ற சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர். என்னை 'ஏய் ஆயில்' என்று கூப்பிடுவார். பதினோரு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எந்தக் கைப்பிடியைத் தள்ளினால் கொக்கி ஏறும், எதை இழுத்தால் கிரேன் திரும்பும், பாரம் காற்றில் ஆடினால் அவர் கால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் நம் சபையின் மூப்பர் ஆபிரகாம். உனக்கு அவரை வெள்ளை அங்கவஸ்திரத்தோடு கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பவராகத்தான் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பம். நம் குடும்பம் அப்படியல்ல. என் தாத்தா பஞ்சத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 'கஞ்சிக்குச் சேர்ந்தவங்க' என்று நம்மைப் பற்றி அவர்கள் வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வது உன் அம்மா காதிலேயே விழுந்திருக்கிறது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்கினோம் என்றுதான் பெயர். அவர்கள் எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் நம் வரிசை எழும்.

வில்சன் துரை ஒரு காலையில் வரவில்லை. குடும்பத்தோடு பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டார் என்று மதியம்தான் தெரிந்தது. துறையில் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே மாவு மூட்டைகள், ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டிகள், சில இயந்திரங்கள். சீக்கிரம் இறக்காவிட்டால் இருக்கிற சரக்கோடு கிளம்பிவிடுவேன் என்று கப்பல் தலைவன் கத்தினான். சரக்கு இறக்கும் கூலி ஆட்களில் தங்கியிருந்தது பன்னிரண்டு பேர். அவர்களுக்கு மேஸ்திரி தண்டையார்பேட்டை காதர் பாய். அவர் என்னைக் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

"இன்னா மாமு, நீ ஓட்டுவியா? உன் கண்ணப் பாத்தா தெரிது, நீ ஓட்டுவே."

நான் பதில் சொல்வதற்குள் மூப்பர் கேட்டுவிட்டார். சிரித்தார். கோபித்திருந்தால்கூட மறந்திருப்பேன். "இவனா? இவனுக்கு எண்ணெய் ஊத்தத்தான் தெரியும். கிரேன் ஓட்டணும்னா தலைக்குள்ளே ஏதாவது இருக்கணும் பாய்" என்றார். கூலி ஆட்கள் பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற மனிதர் திங்கட்கிழமை அப்படிச் சொன்னார்.

"அப்ப நீ ஓட்டு சாமி. உன் தலையிலதான் எல்லாம் கீதே" என்றார் காதர் பாய். மூப்பர் போய்விட்டார். போகும்போது, ஏதாவது ஆனால் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நான் ஜெபம் செய்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். என்ன ஜெபம் என்று சொன்னதில்லை. ஏணியில் ஏறிக் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சங்கீதமோ வசனமோ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. 'ஆண்டவரே, நீரும் கைவேலை செய்தவர்தானே' என்று மட்டும் சொன்னேன். உளியும் இழைப்புளியும் பிடித்த கை அவருடையது. முப்பது வயதுவரை பட்டறையில் நின்றார். பிறகு ஊருக்கு முன்னால் வாயைத் திறந்தபோது, இவன் நம்ம தச்சன் பையன்தானே என்று சொந்த ஊர்க்காரர்களே முகத்தைச் சுளித்தார்கள். அவருக்கு இது புதிதல்ல என்ற நினைப்பு வந்ததும் முழங்கால் நின்றது. இதற்கு மேல் அங்கே அற்புதம் எதுவும் நடக்கவில்லை. கைப்பிடியைத் தள்ளினேன், கொக்கி ஏறியது.

நான்கு நாள் ஓட்டினேன். முதல் நாள் இரண்டு மூட்டை தவறி விழுந்து மாவு முழுவதும் தரையில் கொட்டியது. மூப்பர் கிட்டங்கி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். உனக்குச் சொன்ன கதையில் இந்த மூட்டைகளை நான் சேர்த்ததில்லை. நான்காம் நாள் பிற்பகல் கடைசிப் பெட்டி வந்தது. மாட்டு வண்டி அளவுக்குப் பெரியது, உள்ளே ஏதோ இயந்திரம். அது கப்பலை விட்டு வெளியே வந்து தண்ணீரைத் தாண்டிக் கரைக்கு மேல் திரும்பிக்கொண்டிருக்கும்போது கடற்காற்று அடித்தது. பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கியது. கீழே ஆட்கள் சிதறி ஓடினார்கள். காதர் பாய் ஒருவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்தார். அசையாதே என்று அர்த்தம். அந்தப் பெட்டி விழுந்தால் அவர் மேல்தான் விழும். பயத்தில் அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் கம்பிக்கயிறு அறுந்திருக்கும். நான் பிரேக்கில் காலை மெதுவாக வைத்தேன். ஆட்டத்தோடு ஆட்டமாகக் கிரேனையும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன். ஆட்டம் குறைந்தது. காதர் பாய் கைகளை இறக்கி, "ஆரியா, ஆரியா" என்று கத்தினார். இறக்கு, இறக்கு என்று. பெட்டி தரையைத் தொட்டபோது அந்த ஆட்கள் கை தட்டவில்லை. ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

இதுவரைக்கும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன், கொட்டிய மாவையும் வாந்தியையும் விட்டுவிட்டு. இனி நடந்தது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு மாதத்தில் பயம் போய் ஜனங்கள் திரும்பினார்கள். வில்சன் துரையும் திரும்பினார். கூண்டில் ஏறியவர் கைப்பிடிகளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு எண்ணெய் டப்பாவை என் பக்கம் காலால் நகர்த்தினார். நான் எடுத்துக்கொண்டேன். அந்த மாதமே நம் கோயிலில் நன்றியறிதல் ஆராதனை நடந்தது. ஆபத்திலும் தன் கடமையை விட்டு ஓடாமல், தானே முன்நின்று ஒரு கப்பல் சரக்கையும் இறக்கிக் காப்பாற்றிய நம் மூப்பர் என்று போதகர் பீடத்தில் நின்று சொன்னார். மாலை போட்டார்கள். மூப்பர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். கடைசிப் பெஞ்சிலிருந்த என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "எய்ந்து சொல்லுய்யா, நாந்தான்னு சொல்லுய்யா" என்றாள். நான் எழவில்லை. ஆண்டவருக்குத் தெரியும், அது போதும் என்று அவளிடம் சொன்னேன். பெரிய விசுவாசி மாதிரி சொன்னேனே தவிர எனக்கு அது போதவில்லை. போதவே இல்லை, சுகிர்தம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஏழு மாதம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி உன்னையும் அனுப்பவில்லை. பெட்டி அந்தரத்தில் ஆடியபோது என்னோடு இருந்தவர் மாலை போடும்போது எங்கே போனார் என்று கேட்டுக் கேட்டு மாய்ந்தேன்.

என்னைத் திரும்ப அனுப்பியது எந்தப் பிரசங்கமும் இல்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது காதர் பாய் கேட்டார். "ஞாயித்துக்கெயமை கோயிலுக்குப் போறதில்லியாமே மாமு? இத்தினி நாளா அந்த மூப்பருக்காகவா போய்கினு இருந்தே?" அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் போனேன். அதே கடைசிப் பெஞ்ச். மூப்பர் வாசலில் கை நீட்டினார், நான் கொடுத்தேன். கை கசந்தது. இன்றுவரை அந்தக் கசப்பு போகவில்லை. போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

பிறகு சுதந்திரம் வந்தது, வில்சன் துரை கப்பலேறிப் போனார், அவர் இடத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். இது உனக்கு நினைவிருக்கும், ஏனென்றால் நீதான் எனக்கு வாத்தியார். கொதிகலன் அளவுமானியில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் பலகையில் எழுதிக் காட்டி, நான் தப்பாகச் சொன்னால் என் கையிலேயே அடிப்பாய். உனக்குப் பன்னிரண்டு வயது. நான் தேறினேன். ஆனால் வேலையை 'ஆக்டிங்' என்று போட்டுத்தான் கொடுத்தார்கள். நிரந்தர ஆள் வரும்வரை பார்த்துக்கொள்கிற தற்காலிக ஆள். நிரந்தர ஆள் யாரும் வரவே இல்லை. எட்டு வருஷமாக நான் ஆக்டிங். அடுத்த வருஷம் ஓய்வு பெறும்போதும் கலாசி என்றுதான் எழுதி அனுப்புவார்கள்.

இனி சொல்வது எனக்கு வாயில் வராதது. எழுதத்தான் முடியும்.

பள்ளிக்கூடத்துக் கிரேஸ் டீச்சர் நம் வீட்டுக்கு வந்த அன்று ரோசியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகிர்தத்துக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கும், நான் எழுதிப் போடுகிறேன், அனுப்புங்கள் என்றார் டீச்சர். நீ கதவோரம் நின்றிருந்தாய். உன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன். "இவளா? கோயி அறுத்தா ஓடி ஒளியறவ. இவளுக்குப் பாத்திரம் தேய்க்கத்தான் தெரியும் டீச்சரம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. டீச்சர் போனபிறகு என் முன்னால் வந்து நின்றாய்.

"நைனா, மூப்பரு உன்னாண்ட பேசனா மாறியே பேசறே."

நான் உன்னை அறைந்தேன். பதினெட்டு வருஷத்தில் அதற்கு முன் நான் உன்மேல் கை வைத்ததில்லை. உன்மேல் வந்த கோபம் அல்ல அது. நீ சொன்னது உண்மை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான். பதினோரு வருஷம் முதுகுக்குப் பின்னால் நின்றவனுக்கு, ஒருமுறை யாரையாவது தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. கிடைத்தது நீ. நான் ஏற முடியாத இடத்துக்கு நீ ஏறிவிடுவாய் என்று ஒரு பொறாமையும் இருந்தது. அப்பனுக்குப் பெண்மேல் பொறாமை வருமா என்று கேட்காதே. வந்தது.

அம்மாதான் உன்னை ரயிலேற்றினாள். நான் அன்று துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டேன். வேலை இல்லை. கப்பல் இல்லாத துறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் மூப்பரைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் விழுந்துவிட்டது அவருக்கு. பிள்ளைகள் யாரும் அருகில் இல்லை. அம்மா கஞ்சி கொடுத்து அனுப்பினாள். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். அவரைத் தூக்கி உட்கார வைத்து ஊட்டினேன். எலும்பும் தோலுமாக இருந்தார். பாதிக் கஞ்சியில் என் முகத்தைப் பார்த்தார். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பதினான்கு வருஷமாகக் காத்திருந்த ஒரு வார்த்தை. "நாப்பத்திரண்டுல எல்லாரும் ஓடிட்டாங்க தம்பி. நான் தனியா கிரேன்ல ஏறி ஒரு கப்பலையே இறக்கினேன். பெட்டி எப்படி ஆடிச்சு தெரியுமா?" என்றார். பொய் சொல்லவில்லை, சுகிர்தம். கண்ணில் தண்ணீரோடு சொன்னார். அவர் அதை உண்மையிலேயே நம்புகிறார். பெட்டி எப்படி ஆடியது என்று கையால் ஆட்டியும் காட்டினார். நான் மிச்சக் கஞ்சியை ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் வேண்டி நின்ற சாட்சி இந்த மனிதரிடமா இருந்தது?

நீயும் அந்தப் பெரிய சிஸ்டர் ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு 'உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன்' என்று சொல்வாள் என்று காத்திருக்காதே. சொல்ல மாட்டாள். சொன்னால் நல்லது, ஆனால் அதை நம்பிக் காலத்தை ஓட்டாதே. கர்த்தரை நம்பினால் எல்லோரும் உன்னை மதிப்பார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் நம்பினேன், என்னை யாரும் மதிக்கவில்லை. அவர் எனக்குச் செய்தது வேறு. உலகம் முழுவதும் என்னை எண்ணெய்க்காரன் என்று சொன்ன ஒரு பிற்பகலில், பெட்டி அந்தரத்தில் ஆடியபோது, என் கால் நடுங்காமல் இருந்தது. அந்தப் பெட்டிக்குக் கீழே ஒரு மனிதன் நின்றான், அவன் சாகவில்லை. இதை யார் பெயரில் எழுதிக்கொண்டாலும் நடந்தது நடந்ததுதான். நான் ஒன்றுமில்லாதவன் என்று அவர்கள் சொன்னபோது, இல்லை என்று சொல்ல எனக்கு ஒருவர் இருந்தார். அவர் குரல் மெல்லியது. பல நாள் கேட்கவே கேட்காது. ஆனாலும் இருந்தார். உனக்கும் இருக்கிறார். நான் உன்னை அறைந்த அன்றுகூட உன் பக்கத்தில்தான் இருந்திருப்பார், என் பக்கத்தில் இல்லை.

நாளைக்கே வார்டில் வாயைத் திற. புத்தகத் தமிழ் வரும்போது வரட்டும், வராவிட்டால் நம் பேச்சிலேயே பேசு. வலியில் கிடக்கிறவள் உன் இலக்கணத்தையா பார்க்கப்போகிறாள்? மலத்தட்டு கழுவச் சொன்னால் கழுவு, ஆனால் கழுவும்போது ஊசி போடுகிறவள் கையைப் பார். நான் கற்றுக்கொண்ட வழி அது ஒன்றுதான். அதற்கு மேலும் உனக்கு அங்கே மூச்சு முட்டினால் வந்துவிடு. கதவு திறந்திருக்கிறது. தோற்றுப்போய் வந்தாள் என்று இந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்ல விடமாட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட எழுந்ததில்லை. நேற்று எழுந்தேன். கிரேனைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து அம்மா பயந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கிரேனைப் பற்றிப் பேசவில்லை. என் மகளை நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினேன், அடித்தேன், அவள் மேல் பொறாமைப்பட்டேன், அவள் நல்ல நர்ஸாக வருவாள், அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றேன். இரண்டு பெஞ்ச் தள்ளி யாரோ சிரித்தார்கள். போதகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். யாரும் கண்ணீர் விடவில்லை, யாரும் வந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் பாட்டு முடியும்வரை என் சட்டையை விடவே இல்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது காசிமேட்டிலிருந்து வருகிற மேரி எங்களை நிறுத்தினாள். புருஷன் கடலில் போனபிறகு மீன் கூடை சுமந்து மூன்று பெண்களை வளர்க்கிறவள். மூத்தவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருக்கிறாளாம். "அண்ணே, உன் பொண்ணு படிக்கிற எடத்துல எங்க ஸ்டெல்லாவ சேத்துப்பாங்களா? நம்மள மாறி ஆளுங்கள அங்க சேக்கறாங்களா? இன்னா கேப்பாங்க, இன்னா பேசணும், ஒண்ணும் தெரில" என்றாள். அவள் பெண் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது தெரிந்தவள் சுகிர்தம் ஒருத்திதான், அவளுக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமையும் மேரி அதே இடத்தில் நிற்பாள். அவளிடம் என்ன சொல்லட்டும்? எழுது.

உன் நைனா